ஆறுமுகத்தின் மனைவி, 1963

மெயின்லேண்டில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகம் எனக்கு ஒரு வேலை கொடுத்தது. அந்தமானில் ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை எடுத்த ஆயிரத்துச் சொச்சம் புகைப்படங்களை அவர்கள் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு எப்படி இருக்கிறது, தேடினால் கிடைக்கிறதா, படக்குறிப்புகள் சரிதானா என்று பார்த்து ஒரு படிவத்தில் மதிப்பெண் போட வேண்டும். போர்ட் பிளேரில் கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். பத்துபஸ்தியில் வீட்டின் தலைக்கு மேல் விமானம் இறங்குவதைத் தவிர எனக்கு வேறு தொந்தரவு இல்லை. சரி என்றேன்.

படங்கள் தெளிவாக இருந்தன. அதில் குறை சொல்ல மாட்டேன். குறிப்புகள்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டன. மரைன் ஹில்லிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து எடுத்த ஒரு படத்துக்குக் கீழே ‘ஆறு’ என்று எழுதியிருக்கிறார்கள். கடலைப் பார்த்து ஆறு என்று சொல்கிறவர்களிடம் என்ன பேசுவது? பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். நானூற்றுப் பதினேழாவது படத்தில் நின்றுவிட்டேன்.

ஓலைக் குடிசை. வாசலில் இருபத்து நான்கு வயதிருக்கக்கூடிய ஒரு பெண், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் குழந்தை. பெரியவள் கையில் ஒரு சிலேட்டு. அதில் ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் ‘ஆறுமுகம், 17’ என்று இருந்தது. குறிப்பு: ‘ஆறுமுகத்தின் மனைவியும் மகளும், கராச்சர்மா, 1963.’ இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

அறுநூற்று எண்பத்தெட்டாவது படத்தில் அதே பெண் மறுபடி வந்தாள். அதே இரண்டு மூக்குத்தி. இந்த முறை குழந்தை இல்லை. சிலேட்டில் தமிழ், கோணல்மாணலாக, இரண்டு வரி. முதல் வரி ‘சன்முகம்’. இரண்டாவது வரி ‘போர்ட் பிளேர்’. குறிப்பு: ‘முதியோர் கல்வி. எழுதக் கற்றுக்கொண்ட பெண் தன் பெயரைக் காட்டுகிறார், 1966.’ பெண்ணுக்கு யார் ஐயா சண்முகம் என்று பெயர் வைப்பார்கள்? அதுவும் இரண்டு சுழி ‘ன்’ போட்டு?

முதல் படத்துக்குத் திரும்பிப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணினியில் ஏற்றியதால் கிடைத்த ஒரே லாபம் இதுதான். குடிசைக்குள், அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு வரி. சன்முகம். போர்ட் பிளேர்.

ஆக, பல்கலைக்கழகத்தின் பதிவுப்படி இந்த அம்மாளுக்கு 1963இல் ஆறுமுகம் என்று ஒரு கணவர் இருந்தார். மூன்று வருடத்தில் அவர் காணாமல் போய், அம்மாளே சண்முகம் ஆகிவிட்டார். படிவத்தில் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. மறுநாள் பஸ் பிடித்துக் கராச்சர்மா போனேன்.

பதினேழாம் நம்பர் மனை என்று கேட்டதும் கடைக்காரர் கை காட்டிவிட்டார். ஓட்டு வீடு, முன்னால் இரண்டு பாக்கு மரம். இந்திராணி என்ற அறுபது தாண்டிய அம்மாள் கதவைத் திறந்தார். படத்தைப் போனில் காட்டினேன்.

“எங்கம்மா. மரகதம். இந்தா, சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நான்” என்றார்.

“ஆறுமுகம் யாரு?”

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது. “அப்படி ஒரு ஆளே கிடையாது சார். ஆனா அந்த ஆளு எங்க குடும்பத்தைப் படுத்துன பாடு இருக்கே!”

இனி வருவது இந்திராணி சொன்னது. நடுநடுவே கேள்வி கேட்டுத் தேதிகளைச் சரிபார்த்தேன். பழக்க தோஷம்.

மரகதம் பரமக்குடிப் பக்கத்துக்காரி. ஐம்பத்தேழில் கல்யாணம், கல்யாணமான நாலாவது மாதம் கணவனோடு கப்பலேறினாள். கணவன் பெயர் சண்முகம். பெயர் எழுதாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று மெட்ராஸ் துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். வாசலில் பெட்டிகளுக்குப் பெயர் எழுதிக்கொடுக்க ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு சுழி ‘ன்’ போட்டு எழுதினான். சண்முகத்துக்குப் படிக்கத் தெரியாது, மரகதத்துக்கும் தெரியாது. எழுத்து பளிச்சென்று இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். கப்பலில் அந்தப் பெட்டிமேல்தான் தலை வைத்துப் படுத்து வந்தாள்.

சண்முகம் முதலில் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மூட்டை தூக்கினான். பிறகு தீவுக்குத் தீவு போகும் சரக்குப் படகு ஒன்றில் கலாசியானான். கயிறு கட்டுவது, நங்கூரம் இறக்குவது, சாமான் ஏற்றுவது எல்லாம் கலாசி வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். கராச்சர்மாவில் சர்க்கார் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். சர்க்கார் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதான்.

புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். இது அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் அறிந்தது. மரகதம் அதில் ஒரு படி மேலே போனாள். பெயரை மட்டுமில்லை, பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த ‘முகம்’ என்ற சொல்லையும் விட்டுவிட்டாள். மூஞ்சி கழுவுவாள், மூஞ்சி துடைப்பாள், கண்ணாடியில் மூஞ்சி பார்ப்பாள். முழுநிலவைப் பார்த்தாலும் நிலா மூஞ்சிதான். பக்கத்துக் கடை அப்துல் வாஹித்தின் மனைவி மஸூதா இதை வைத்து அவளை ஓட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் மஸூதாவும் கணவர் பெயரைச் சொன்னதில்லை. ‘கடைக்காரவுக’ என்றுதான் சொல்வாள்.

அறுபத்து மூன்றில் கணக்கெடுக்க வந்தார்கள். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு குடிசைக்கும் நம்பர் போட்டு, குடும்பத் தலைவர் பெயரைச் சிலேட்டில் எழுதி, குடும்பத்தின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிற்பாடு மனை ஒதுக்கும்போது வேறு ஆள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். பெயர் எழுதும் குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தி, தஞ்சாவூர்க்காரர். தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று அவரைப் போட்டிருந்தார்கள். அதுவே வினையாயிற்று.

அன்றைக்குச் சண்முகம் படகில் போயிருந்தான். “உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?” என்று கேட்டார் கிருஷ்ணமூர்த்தி.

மரகதம் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தாள். மஸூதா கடையில் இல்லை. மற்றவர்கள் அவரவர் குடிசை வாசலில் தலை வாரிக்கொண்டு படத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

“சீக்கிரம் சொல்லும்மா. இன்னும் நாப்பது வீடு பாக்கி.”

“ஆறு மூஞ்சி இருக்குமே சார், அந்தச் சாமி.”

“சாமியைப் போய் மூஞ்சிங்கறியே! ஆறுமுகமா?”

மரகதம் தவித்துப்போனாள். இல்லை என்று சொல்லலாம், ஆனால் எது என்று சொல்ல முடியாது. “அந்தச் சாமிதான் சார். ஆனா அந்தப் பேரு இல்ல” என்றாள். சொல்லிக்கொண்டே நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள், இல்லை என்றும் பொருள். வெயிலில் நின்ற கிருஷ்ணமூர்த்தி தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டார். முருகனுக்கு ஆயிரம் பெயர் இருந்தாலும் ஆறு முகம் என்றால் ஆறுமுகம்தானே? சிலேட்டில் எழுதிக் கையில் கொடுத்தார். மரகதம் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சரியான பெயர் அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் எட்டுத் தூரத்தில் பெட்டிமேல் இருந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை.

மூன்று வருடம் எதுவும் நடக்கவில்லை. அறுபத்தாறு ஜூன் மாதம் மனைப் பட்டியல் ஒட்டினார்கள். சண்முகம் முன்கூட்டியே மனு எழுதுகிறவரைப் பிடித்து விண்ணப்பம் போட்டிருந்தான். பட்டியலில் அவன் பெயர் இல்லை. பதினேழாம் நம்பரில் குடியிருப்பவர் ஆறுமுகம். அந்த ஆறுமுகம் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்த சண்முகம் அங்கே குடியிருப்பதாகச் சான்று இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது.

சண்முகம் வந்து நின்று “நான்தான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அவன் படகு கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருந்தது. திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகியிருக்க வேண்டும், வரவில்லை. மழைக்காலம், கடல் மோசம். ஜெட்டியில் கேட்டால் கை விரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மரகதம் ஏழு வயது இந்திராணியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் போனாள். அதிகாரி பிஸ்வாஸ், வங்காளி. பக்கத்தில் அதே கிருஷ்ணமூர்த்தி.

“ஆத்மி கா நாம் போலோ” என்றார் பிஸ்வாஸ். புருஷன் பெயரைச் சொல் என்றார். பத்து வருட வாசத்தில் அந்த அளவு இந்தி மரகதத்துக்கும் புரியும். அவள் தரையைப் பார்த்தாள்.

“சண்முகம்தானே?” என்று கிருஷ்ணமூர்த்தி கேட்டார். அவள் வேகமாகத் தலையாட்டினாள்.

கிருஷ்ணமூர்த்தி அதிகாரியிடம் திரும்பினார். “போன தடவை ஆறுமுகம்னு கேட்டப்பவும் இப்படித்தான் சார் தலையை ஆட்டினா.”

அத்தோடு அவள் தலையாட்டலுக்கு மதிப்புப் போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சாட்சியும் செல்லாது. அதை நம்பி ஏற்கெனவே இரண்டு மனைகள் பொய் ஆளுக்குப் போயிருந்தன. தலைவர் இல்லாவிட்டால் மனைவியே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வரை நேரம் இருக்கிறது என்று பிஸ்வாஸ் சொல்லி அனுப்பினார். கெட்ட மனுஷன் இல்லை. சட்டம் பேசினார், அவ்வளவுதான்.

“சொல்லிடு மரகதம் அக்கா” என்றாள் மஸூதா. “யாரு காதுல விழப்போவுது? மனை போச்சுன்னா புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க போவே?”

“அவுக கடல்ல இருக்காகளே மஸூதா. எங்கன இருக்காகன்னே தெரியல. இப்பப் போயி நான் வாயைத் தொறந்து, அங்கிட்டு ஒண்ணு ஆச்சுன்னா?”

மஸூதா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவள் கணவரும் கடல் தாண்டிச் சரக்கெடுக்கப் போகிறவர்தான். படித்தவர்கள் நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஒன்பது நாள் தகவல் இல்லாத படகை நினைத்துக்கொண்டு சிரித்துப் பார்க்கட்டும் யாராவது.

புதன்கிழமை காலையில் பெட்டியிலிருந்து துணி எடுக்கக் குனிந்த மரகதம் அப்படியே நின்றாள். மூடியில் இருந்த வெள்ளை எழுத்தைக் கை விரலால் தடவினாள். சொல்லத்தான் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வழியும் இல்லை; அவள் வம்சத்தில் எழுதத் தெரிந்த பெண்ணே கிடையாது.

அடுப்புக் கரியை எடுத்து, சாணி மெழுகிய தரையில், பெட்டியைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று தெரியாது. கோலம் போடுவது மாதிரி கீழிருந்து மேலே இழுத்தாள். ‘மு’ அவளை மிகவும் கஷ்டப்படுத்தியது. இரண்டு நாளில் சமையலறைத் தரை, சுவரோரம், மழைக்கு உள்ளே இழுத்துப் போட்ட மரப்பலகை எல்லாம் நிரம்பிவிட்டன. இந்திராணி எழுத்தை மிதிக்காமல் இருக்க நுனிக்காலில் நடந்தாளாம். பெட்டியில் இரண்டு வரி இருந்தது. அதில் எது பெயர் என்று மரகதத்துக்குத் தெரியாது. இரண்டையும் பழகினாள்.

வெள்ளிக்கிழமை போனாள். பேசாமல் கிருஷ்ணமூர்த்தியின் மேஜையிலிருந்த சிலேட்டை இழுத்துச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து எழுதினாள். ரொம்ப நேரம் பிடித்தது. பிஸ்வாஸ் எழுந்து வந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார்.

கிருஷ்ணமூர்த்தி படித்தார். “சன்முகம். போர்ட் பிளேர்.” பிறகு மரகதத்தைப் பார்த்து, “போர்ட் பிளேரும் உங்க வீட்டுக்காரர் பேராம்மா?” என்று கேட்டார்.

“தெரியாது சார். பெட்டியில இருக்கிற மாதிரி எழுதினேன்.”

கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. அந்தச் சாமிதான், ஆனால் அந்தப் பெயர் இல்லை என்று இவள் மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நினைத்தால் மூடி மறைத்திருக்கலாம். மரகதத்தின் தலையாட்டல்மேல் பழியைப் போட்டிருக்கலாம். “தப்பு என்னோடதுதான் சார்” என்று இந்தியில் சொன்னார். “சண்முகம்னாலும் ஆறு முகம்தான் அர்த்தம். இவ சரியாத்தான் சொல்லியிருக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

பிஸ்வாஸ் விரல் விட்டு எண்ணினார். “சே முக்? கார்த்திக்!” என்றார். ஆறு முகம் என்றால் வங்காளிகளுக்குக் கார்த்திக்; அவருக்கும் தெரிந்த சாமிதான். கோப்பில் ஆதாரம் வேண்டும் என்று, மரகதத்தை அந்தச் சிலேட்டோடு வாசலில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். படத்தின் பின்புறம் கிருஷ்ணமூர்த்தி பென்சிலால் ‘தன் கையால் எழுதியது’ என்று எழுதினார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் பல்கலைக்கழகத்தார் அவளை முதியோர் கல்வியில் சேர்த்துவிட்டார்கள்.

சண்முகம் அதற்கு அடுத்த புதன்கிழமை வந்தான். இன்ஜின் பழுதாகி ஒரு தீவின் மறைவில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்தவன் தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். எழுத்து தெரியாதவன்தான், ஆனால் பெட்டியில் இருக்கும் வடிவம் அவனுக்கும் பழக்கம்.

“என்ன புள்ள இது, வீடெல்லாம் என் பேரு?”

“மனை கெடைச்சிருச்சு” என்றாள் மரகதம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து ரேஷன் அட்டையானாலும் பள்ளிக்கூடத்துக் கடிதமானாலும் மரகதம் கைநாட்டு வைத்ததில்லை. தெரிந்த இரண்டு வரியைப் போடுவாள். சன்முகம், போர்ட் பிளேர். இந்திராணியின் பள்ளிக்கூடத்தில், அப்பாதான் தவறாமல் கையெழுத்துப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தன் பெயரை எழுத அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. “எம் பேரை வச்சு என்ன காரியம் ஆகணும்?” என்பாளாம்.

நான் வீட்டுக்கு வந்து படிவத்தை முடித்தேன். நானூற்றுப் பதினேழில் ஆறுமுகம் என்ற ஆளை நீக்க வேண்டும். அறுநூற்று எண்பத்தெட்டை முதியோர் கல்வியிலிருந்து எடுத்து, மரகதம் என்ற பெயரில் வைக்க வேண்டும். சிலேட்டில் உள்ள ‘சன்முகம்’ என்பதை எவரும் ‘சண்முகம்’ என்று திருத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன், ஏனென்றால் பிழை திருத்தும் வியாதி நூலகர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று போட்டேன். தாராளம்தான்.

படிவத்தில் எழுதாத ஒன்று உண்டு. அன்று பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் இந்திராணியிடம் கேட்டேன். “அப்பா காலமான பிறகாவது அம்மா அவர் பேரைச் சொன்னாங்களா?” சண்முகம் எழுபத்தெட்டில், இந்திராணிக்குப் பத்தொன்பது வயதில், காய்ச்சலில் போனவன்.

“பேரைச் சொல்லல சார்” என்றார் இந்திராணி. “ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்து கூடத்துல கிடத்தியிருந்தாங்க. எல்லாரும் அழுவுறாங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வரல. அப்பா கடல்லேருந்து வந்து அசந்து தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. தூக்குற நேரம் யாரோ துணியை மேல இழுத்தாங்க. எங்கம்மா கையைப் புடிச்சுத் தடுத்தாங்க. ‘முகத்தை மூடாதீங்க, கொஞ்ச நேரம் இருக்கட்டும்’னு சொன்னாங்க.”

அவர் தன் கையிலிருந்த என் போனின் திரையை அணைத்து என்னிடம் கொடுத்தார்.

“பத்தொன்பது வருஷத்துல அவங்க வாயிலேருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. அதைக் கேட்டப்பதான் சார், அப்பா செத்துட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சது.”